குழந்தையின் மூட்டுவலியை அளந்த கதை

"வளருற புள்ளைக்குக் காலு வலிக்கத்தான் செய்யும்." எங்கள் வீ.கே.புதூர்ப் பக்கம் பாட்டிமார்கள் சொல்கிற வார்த்தை இது. பெரும்பாலும் சரிதான். ஆனால் காலையில் எழும்போது முழங்கால் வீங்கி விறைத்திருக்கிறது, ஆறு வாரத்துக்கு மேலாகியும் போகவில்லை என்றால், அது சிறார் மூட்டுவாதமாக இருக்கலாம். குழந்தைக்கும் மூட்டுவாதம் வருமா என்று கேட்கிறீர்களா? வரும்.

சரி, நோய் எந்த அளவு தீவிரமாக இருக்கிறது என்று மருத்துவர்கள் எப்படி அளக்கிறார்கள்? காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் உண்டு. இதற்கு அப்படி ஒரு கருவி கிடையாது. அந்தக் குறையைச் சமாளிக்க நூறு வருடத்துக்கு மேல் ஆனது.

1897-ல் லண்டன் மருத்துவர் ஜார்ஜ் ஃப்ரெடரிக் ஸ்டில், 22 குழந்தைகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். குழந்தைகளில் காணப்படும் ஒரு வகை மூட்டு நோய், பெரியவர்களுக்கு வருவதிலிருந்து வேறுபட்டது என்றார். அவருக்கு முக்கியக் கருவிகள் கண்ணும் கையும்தான்.

அதே 1897-ல் போலந்து மருத்துவர் எட்மண்ட் பியர்னாட்ஸ்கி, குழாயில் ரத்தச் சிவப்பணுக்கள் படியும் வேகத்தை ஆராய்ந்து எழுதினார். 1921-ல் ஸ்வீடனின் வெஸ்டர்கிரென் அதற்கு ஒரு முறை வகுத்தார். இன்று சின்ன ஊர் லேப்பிலும் செய்கிற இ.எஸ்.ஆர். சோதனை இதுதான். உடம்பில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் சில புரதங்கள் கூடும். சிவப்பணுக்கள் காசு அடுக்கியதுபோல் ஒட்டிக்கொண்டு வேகமாகக் கீழே இறங்கும்.

ஆனால் இதை மட்டும் நம்ப முடியாது. சளி, காய்ச்சல், ரத்தசோகை எல்லாவற்றுக்கும் இ.எஸ்.ஆர். ஏறும். மறுபக்கம், ஒரே ஒரு முழங்கால் வீங்கிய குழந்தைக்கு அது நார்மலாகவே இருக்கலாம். "ரிப்போர்ட் நார்மல்" என்றால் நோய் இல்லை என்று அர்த்தமல்ல!

1990-களில் மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகளைச் சோதித்தபோது, "குணமாகிறது" என்றால் என்ன என்ற கேள்வி பெரிதானது. 1994-ல் வீட்டாரிடம் கேட்கும் ஒரு கேள்வித்தாள் வெளியானது. உடுத்த முடிகிறதா, நடக்க முடிகிறதா, பிடிக்க முடிகிறதா என்று எட்டு வகைக் கேள்விகள். அதை உருவாக்கியவர்களில் ஒருவர், இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய குழந்தை மருத்துவர் பாலு ஆத்ரேயா. 1997-ல் ஜியானினி குழுவினர் ஆறு அளவுகளை வகுத்தார்கள்: மருத்துவரின் மதிப்பீடு, பெற்றோர் அல்லது குழந்தையின் மதிப்பீடு, அன்றாடச் செயல்திறன், அழற்சியுள்ள மூட்டுகள், முழுதாக அசையாத மூட்டுகள், இ.எஸ்.ஆர்.

2009-ல் இத்தாலியின் ஜெனோவா நகர மருத்துவர்களை முன்னோடியாகக் கொண்டு 'ஜேடாஸ்' வந்தது. நான்கே எண்களின் கூட்டல். உதாரணமாக, மருத்துவர் 10-க்கு 3 தருகிறார், அம்மா 4 தருகிறார், அழற்சியுள்ள மூட்டுகள் 2. இ.எஸ்.ஆர். 50 என்றால் அதில் 20-ஐக் கழித்துப் பத்தால் வகுத்தால் 3. மொத்தம் 12. நம் மார்க் ஷீட்டுக்கு நேர் எதிர்; இங்கே சைபர்தான் முதல் மார்க்! பின்னாளில் இ.எஸ்.ஆர். இல்லாமலே கணக்கிடும் முறையும் வந்துவிட்டது.

இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான். ரத்தக் குழாயில் தொடங்கிய அளவை, கடைசியில் அம்மாவின் வார்த்தைக்கும் மருத்துவரின் வார்த்தைக்கும் சமமாகப் பத்து மார்க் ஒதுக்கியது. அம்மா சொல்வது புலம்பல் அல்ல, அதுவும் ஒரு சோதனை முடிவு.

கவனிக்காமல் விட்டால் ஒரு கால் மற்றதைவிட நீளமாக வளரலாம். வலியே இல்லாமல் கண்ணுக்குள் அழற்சி வந்து பார்வை போகலாம். அதனால்தான் இந்தக் குழந்தைகளுக்குக் கண் பரிசோதனையும் அவசியம்.

ஆகவே நண்பர்களே, உங்கள் தெருவில் ஒரு குழந்தை காலையில் நொண்டி நடந்தால், சம்மணம் போட்டு உட்காரத் தயங்கினால், பாட்டி சொன்னதோடு விட்டுவிடாதீர்கள். மூட்டு வீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். வீங்கியிருந்தால் டாக்டரிடம் கூட்டிப்போகச் சொல்லுங்கள்.