எது முன்னதோ அது

"10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முன்னதோ அது." நம்ம வீட்டு மாருதி, ஹூண்டாய் சர்வீஸ் புத்தகங்களில் பெரும்பாலும் இப்படித்தான் போட்டிருக்கும். புனேவில் இருக்கிற நமக்கு முதல் பாதி மட்டும் கண்ணில் பட்டாலே போதும். பொங்கலுக்கு ஒரு தடவை, பள்ளிக்கூட லீவுக்கு ஒரு தடவை ஊருக்குப் போய் வந்தால் நாலாயிரத்துக்கு மேல் ஓடிவிடும். மிச்சத்தை ஆபீஸும் தங்கமணியின் ஷாப்பிங்கும் பார்த்துக்கொள்ளும் :-)

"ஏனுங்ணா, பத்து வருஷத்து வண்டி, ரெண்டே சீட்டு, 14 ஆயிரந்தான் ஓடியிருக்குது. சர்வீசுக்கு என்னங்ணா பெருசா வந்துரப் போகுது?" என்று ஆபீஸில் ஒரு கோயமுத்தூர்த் தம்பி கேட்டார். பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் ஆசை. இந்தக் கேள்விக்கான பதில் இத்தாலியில், மரனெல்லோவில் இருக்கிறது. ஃபெராரி பிறக்கிற ஊர்.

எஞ்சினுக்குள் வால்வுகளைத் திறந்து மூடுவது கேம்ஷாப்ட். அதைச் சுழற்ற பழைய ஃபெராரிகளில் இரும்புச் சங்கிலி இருந்தது. சத்தம் போடும், ஆனால் வருஷக் கணக்கில் உழைக்கும். 1962-ல் ஜெர்மனியில் கிளாஸ் 1004 என்ற சின்ன கார், சங்கிலிக்குப் பதில் பல் வைத்த ரப்பர் பெல்ட்டோடு வந்தது. விலை குறைவு, சத்தமும் குறைவு. 1966-ல் ஃபியட் 124 ஸ்போர்ட் அதே வழியில் போனது. அந்த எஞ்சினை வடிவமைத்த ஔரேலியோ லாம்ப்ரெடி, முன்பு ஃபெராரிக்கு எஞ்சின் செய்துகொண்டிருந்தவர்! 1969-ல் ஃபெராரியில் பாதியை ஃபியட் வாங்கியது. 1973-ல் 365 ஜிடி4 பிபி, 1975-ல் 308 ஜிடிபி என்று ஃபெராரியிலும் பெல்ட் வந்துவிட்டது.

இங்கேதான் சிக்கல் ஆரம்பம். ரப்பருக்கு ஓடினாலும் வயசாகும், சும்மா நின்றாலும் வயசாகும். ஓட்டும்போது அது அறுந்தால் மேலே போகிற பிஸ்டன், திறந்தபடி நிற்கிற வால்வில் போய் இடிக்கும். வால்வு வளையும், எஞ்சினே காலி. எனவே இந்த வண்டிகளில் பெல்ட்டை மாற்றுவது காலண்டரைப் பார்த்துத்தான். மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம்.

308-ல் எஞ்சின் குறுக்காக இருந்ததால் வண்டியில் வைத்தபடியே பெல்ட்டை மாற்ற முடிந்தது. 1989-ல் வந்த 348-ல் எஞ்சினை நீளவாக்கில் திருப்பி வைத்தார்கள். பெல்ட் இருக்கும் பக்கம், சீட்டுக்குப் பின்னால் உள்ள சுவரைப் பார்த்தபடி போய் உட்கார்ந்துகொண்டது. கை நுழையாது. மாற்ற வேண்டுமென்றால் மொத்த எஞ்சினையும் கீழே இறக்க வேண்டும். 1994-ல் வந்த எஃப்355-க்கும் அதே கதிதான். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இந்த வண்டிகளுக்காகவே சொன்னது போல இருக்கும்.

அந்தச் செலவு வருகிற நேரத்தில் முதல் சொந்தக்காரர் வண்டியை விற்றுவிடலாம். "ஓடவே இல்லை சார்" என்பதுதான் விளம்பரம். வாங்குகிறவர் தலையில்தான் எஞ்சின் இறங்கும். குறைவாக ஓடிய வண்டி என்றாலே நல்ல வண்டி என்று நினைப்பது நம்ம ஆட்களிடம் ரொம்ப உண்டு. பழைய ஸ்போர்ட்ஸ் கார் விஷயத்தில் அந்த நினைப்புக்கு அபராதம் லட்சங்களில் வரும்.

ஃபெராரிக்காரர்களுக்கே இது புரிந்தது. 1999-ல் 360 மாடெனா வந்தபோது சீட்டுக்குப் பின்னால் ஒரு கதவு மாதிரி வைத்து, எஞ்சினை இறக்காமல் பெல்ட்டை மாற்ற வழி செய்தார்கள். 2004-ல் எஃப்430 வந்தபோது பெல்ட்டே போய், பழையபடி சங்கிலி. 2011-ல் புது வண்டிகளுக்கு ஏழு வருடப் பராமரிப்புத் திட்டம் கொண்டுவந்தார்கள். அதில் சர்வீஸ் 20,000 கி.மீ.க்கு ஒருமுறை, அல்லது எவ்வளவு குறைவாக ஓடியிருந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வருகிற வண்டிக்கு அந்த இரண்டாவது பாதிதான் கணக்கு.

ஆக, தம்பிக்கு நான் சொன்னது இதுதான். எந்தக் கம்பெனி ஸ்போர்ட்ஸ் காராக இருந்தாலும் முதலில் பெல்ட்டா சங்கிலியா என்று கேளுங்க. பெல்ட் என்றால் கடைசியாக மாற்றிய தேதியோடு பில்லைக் கேளுங்க. பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையில் குறைத்துப் பேசுங்க. சங்கிலி என்றாலும் எஞ்சின் ஆயில் வருடத்துக்கு ஒருமுறை கட்டாயம். பிரேக் ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கும், புனே மழையில் கேட்கவே வேண்டாம். அதை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றணும்.

அப்புறம் டயர். பட்டன் தேயாமல் பளபளவென்று இருக்கும், ஏமாறாதீங்க. பக்கவாட்டில் ஒரு நாலு இலக்கம் இருக்கும். 2316 என்றிருந்தால் 2016-ஆம் வருடம் 23-வது வாரம் செய்தது. குனிந்து நாலு டயரிலும் அதைப் படித்துவிட்டு அப்புறம் விலை பேசுங்க.