கிதாரின் கழுத்து அகலம்

கிதாரின் கழுத்து அகலம் என்று பொதுவாகச் சொல்வது 'நட்' எனப்படும் சிறு பட்டையின் அகலத்தையே. தலைப்பகுதி முடிந்து விரற்பலகை தொடங்கும் இடத்தில், பள்ளங்களில் தந்திகளைத் தாங்கி நிற்பது இதுவே. இன்றைய நைலான் தந்திக் கிதாரில் இது ஏறத்தாழ 52 மி.மீ.; எஃகுத் தந்திக் கிதாரில் பெரும்பாலும் 43 முதல் 44.5 மி.மீ. வரை. அற்பமாகத் தோன்றும் இந்த வேறுபாடு எப்படி வந்தது?

அகலமான வடிவம் ஸ்பெயினைச் சேர்ந்தது. அந்தோனியோ தே தோரஸ் (1817–1892) என்ற கைவினைஞர் உருவாக்கிய கிதாரே இன்றைய செவ்வியல் கிதாருக்கு முன்மாதிரி. ஒவ்வொரு தந்தியையும் விரலால் தனித்தனியே மீட்டும் முறைக்குத் தந்திகளுக்கிடையே தாராளமான இடம் வேண்டியிருந்தது.

குறுகலான கழுத்து அமெரிக்காவில் பிறந்தது. 1833-இல் ஜெர்மனியிலிருந்து குடியேறியவர் சி. எப். மார்ட்டின். அவர் தொடங்கிய நிறுவனத்தின் பழைய கிதார்களில், உடல் தொடங்கும் இடம் வரை 12 மெட்டுகள் (வீணையில் மெட்டு என்பதே இங்கு ஃப்ரெட்). நட் அகலம் சுமார் 47.6 மி.மீ. 1920-களில் நடன இசைக்குழுக்களில் பாஞ்சோ கோலோச்சியது. பிறகு கிதாரின் பக்கம் காற்று வீசியபோது, மெல்லிய நீண்ட கழுத்துக்குப் பழகிய பாஞ்சோ கலைஞர்களுக்கு இந்தக் கிதார் கைக்கு அடங்கவில்லை. அட்லாண்டாவைச் சேர்ந்த பெர்ரி பெக்டெல் என்ற பாஞ்சோ கலைஞரின் வேண்டுகோளை ஏற்று, 1929-இல் மார்ட்டின் நிறுவனம் 14 மெட்டுகளும் 44.5 மி.மீ. நட்டும் கொண்ட 'ஓ.எம்.' வகையைச் செய்தது. 1939-இல் பல வகைகளில் இது சுமார் 43 மி.மீ. ஆனது. பிக் கொண்டு மொத்தமாக அடித்து வாசிப்பவருக்கு அது போதும்.

கழுத்துக்குள் பதிக்கும் திருகுக் கம்பியால்தான் கழுத்து சிறுத்தது என்பர் சிலர். கிப்சன் நிறுவனம் அதற்கு 1923-இலேயே காப்புரிமை பெற்றது உண்மை. ஆனால் மார்ட்டின் அத்தகைய கம்பியை ஏற்றது 1985-இல்தான். கழுத்தின் பருமனுக்கு அந்தக் கம்பி உதவியிருக்கலாம். அகலத்தைக் குறைத்தது வாசிப்பவரின் பழக்கமே என்பது என் கருத்து. 1960-களின் நடுவில் கிப்சன் 39.7 மி.மீ. வரை இறங்கியது, அது நிலைக்கவில்லை. விரலால் மீட்டுவோர் பெருகியபின் 44.5 மி.மீ. மீண்டும் பரவலாயிற்று.

சிறிய கைக்குக் குறுகிய கழுத்து என்று கடைக்காரர் சொல்வது பாதி உண்மையே. கை சிறியதாயினும் விரல் நுனி தடித்திருந்தால் பக்கத்துத் தந்தியும் அமுங்கும், ஒலி மழுங்கும். தம் விரலைக் குறை சொல்லிக் கற்பதையே விட்டவர்கள் உண்டு. வாங்குமுன் 'சி மேஜர்' கார்டைப் பிடித்து ஐந்தாம் தந்தி முதல் ஒவ்வொன்றாக மீட்டிப் பார்க்கவும். பிறகு முதல் மெட்டில் ஆள்காட்டி விரலால் ஆறு தந்திகளையும் அழுத்திப் பார்க்கவும். முன்னதில் தந்தி மழுங்கினால் சற்று அகலமான கழுத்தையும், பின்னதில் மணிக்கட்டு வலித்தால் சற்றுக் குறுகியதையும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.