மார்பகப் புற்றுநோய்ப் பரவலில் லைசில் ஆக்சிடேஸ் நொதியின் பங்கு

மார்பகப் புற்றுநோய் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் தோன்றிய இடத்தில் இருந்துகொண்டன்று. எலும்பிலும் நுரையீரலிலும் ஈரலிலும் சென்று குடியேறியே அது கொல்லுகிறது. இக்குடியேற்றம் தற்செயலானதன்று என்பதை 1889-ஆம் ஆண்டிலேயே, அந்நோயால் மாண்ட 735 பேரின் குறிப்புகளை ஆராய்ந்து எடுத்துரைத்தார் லண்டன் வைத்தியர் ஸ்டீபன் பேஜெட். விதை எத்திசையிற் சிதறினும் தனக்கிசைந்த மண்ணிலேயே முளைக்கும் என்பது அவர் சித்தாந்தம். அம்மண் இயல்பாகவே அமைந்து கிடப்பதா, நோயே அதனைப் பண்படுத்திக்கொள்கிறதா என்பதே இங்கு ஆராயற்பாலது. லைசில் ஆக்சிடேஸ் என்னும் நொதியைப் பற்றிய ஆராய்ச்சிகள், நோயே பண்படுத்துகிறது என்ற முடிவுக்கே நம்மை இட்டுச் செல்கின்றன.

தாமிரத்தின் துணைகொண்டு தொழிற்படும் இந்நொதி நம் தேகத்துக்கு அந்நியமான வஸ்துவன்று. உயிரணுவுக்கு வெளியே சுரந்து, கொலாஜன், எலாஸ்டின் ஆகிய புரதங்களிலுள்ள லைசினின் நுனியை இது ஆல்டிஹைடாக மாற்ற, மாறிய நுனிகள் அடுத்த இழைகளோடு பிணைந்து, தோலுக்கும் நாளங்களுக்கும் எலும்புக்கும் உறுதி அளிக்கின்றன. பூவுக்காக வளர்க்கப்படும் மணப்பட்டாணியின் விதையைத் தின்ற எலிகளுக்கு முதுகெலும்பு வளைந்து பெருந்தமனியும் வெடித்ததற்குக் காரணம், அவ்விதையிலிருந்து கிடைக்கும் பீட்டா அமினோபுரோப்பியோநைட்ரைல் இந்நொதியை முடக்கிவிடுவதே.

கட்டி பெருகுகையில், இரத்தக் குழாய்க்கு எட்டத்திலுள்ள உயிரணுக்கள் பிராணவாயு இன்றித் தவித்து, இந்நொதியை மிகுதியாகச் சுரக்கின்றன. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜானின் எர்லர், அமாட்டோ ஜியாச்சியா முதலியோர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், மனித மார்பகப் புற்றணுக்களைச் சுண்டெலிகளில் வளர்த்து இந்நொதியைத் தடுத்தபோது, மூலக்கட்டியின் வளர்ச்சி குன்றாதிருக்கவும், பிற உறுப்புகளுக்குப் பரவுதல் மட்டும் பெரிதும் அடங்கியது. வளர்ச்சியும் பரவலும் வெவ்வேறு காரணங்களால் நிகழக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அதனினும் வியப்பானது 2009-இல் அக்குழுவினர் கண்டது. கட்டியிலிருந்து புறப்பட்ட நொதி, புற்றணுக்கள் வந்து சேருமுன்பே நுரையீரலை அடைந்து, அங்குள்ள நான்காம் வகைக் கொலாஜனைப் பிணைக்கிறது. அப்பிணைப்பில் எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் உயிரணுக்கள் ஒட்டிக்கொண்டு, பின்வரும் புற்றணுக்களுக்கு இடம் சமைக்கின்றன. 2015-இல் வெளிவந்த வேறோர் ஆய்வு எலும்பிலும் இத்தகைய ஆயத்தத்தைக் கண்டது: நொதியின் தூண்டுதலால் எலும்பரிக்கும் அணுக்கள் பெருகிச் சிறு குழிகள் தோன்ற, புற்றணுக்கள் அவற்றில் குடியேறின; எலும்பரிப்பைத் தடுக்கும் பிஸ்பாஸ்போனேட் மருந்து கொடுத்த எலிகளில் இக்கேடு குறைந்தது. பேஜெட் கூறிய மண் இங்கு உழப்படுவதை நாம் கண்கூடாகக் காண்கிறோம்.

எனினும் இந்நொதியை முழுப் பகையாகக் கொள்ளுதல் தகாது. இதனை ஆக்கும் ஜீனே, ராஸ் என்னும் புற்றுநோய் ஜீனின் செயலை அடக்குவதாக 1990-இல் அறியப்பட்டது; நொதி முதிர்கையில் வெட்டுண்டு விழும் முற்பகுதிக்கே அவ்வாற்றல் உண்டென்பது பின்னர் விளங்கிற்று. ஆதலின் அடக்கவேண்டியது முதிர்ந்த நொதியின் பிணைக்குந் தொழிலையேயன்றி, ஜீன் முழுவதையும் அன்று.

சிகிச்சையின் காலமும் இதிலிருந்தே நிர்ணயமாகிறது. பரவி வேரூன்றிய நோயில் இந்நொதியை அடக்கும் மருந்து பயன்படவில்லையெனின், அதனால் இக்கொள்கை பொய்த்துவிடாது. மண் பண்பட்ட பிறகு உழவைத் தடுத்து ஆவதென்ன? இந்நொதிக்கு வேண்டிய தாமிரத்தைக் குறைக்கும் டெட்ராதையோமாலிப்டேட் என்னும் மருந்தை, மீண்டும் நோய் வரும் அபாயம் மிக்கவராயினும் அப்போது நோய்க்குறி ஏதுமில்லாத 75 பேருக்கு நியூயார்க்கில் கொடுத்துப் பார்த்த பரிசோதனை, உரிய காலத்தை நாடியதென்பது என் கருத்து. மருந்து பெறாதோர் தொகுதி அதில் இல்லாமையால் அதில் கண்ட நற்பயனை நிரூபணமென்று கொள்ள இயலாது. அத்தொகுதியையும் சேர்த்துப் பேரளவில் அப்பரிசோதனையை நடத்துவதே இனி ஆராய்ச்சியாளர் முன்னுள்ள வேலை.