மிட்டாய்க்காரர் வாங்கிய மரணக் கட்டில்

1871, அக்டோபர் 8. ஞாயிற்றுக்கிழமை இரவு. சிகாகோ நகரின் தென்மேற்குப் பகுதியில், ஒரு மாட்டுக்கொட்டகைப் பக்கம் பிடித்த தீ, பலமான காற்றில் ஆற்றையே தாண்டியது. நடு ஊரை விழுங்கியது. அப்போதும் பசி அடங்காமல், மறுபடி ஆற்றைத் தாண்டி வடக்குப் பக்கம் பாய்ந்தது!

அந்த வடக்குப் பக்கத்தில்தான் 'சிகாகோ ஹிஸ்டாரிகல் சொசைட்டி'யின் கட்டடம் இருந்தது. 'இதில் தீப்பிடிக்க வாய்ப்பே இல்லை' என்று ஊரே நம்பிய கட்டடம். அதனால், பயந்து ஓடிவந்த ஜனங்கள் பெட்டி படுக்கைகளை அங்கே கொண்டுவந்து போட்டார்கள். உள்ளே ஒரு சட்டத்துக்குள், கண்ணாடிக்குப் பின்னால் சில காகிதங்கள். அமெரிக்க ஜனாதிபதி ஆப்ரஹாம் லிங்கன் தன் கைப்பட எழுதிய அடிமை விடுதலைப் பிரகடனம்!

சொசைட்டியில் வேலை பார்த்த ஒருவர், சட்டத்தை உடைத்துக் காகிதத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஓடிவிட நினைத்தார். முடியவில்லை. தீ உள்ளே வந்துவிட்டது. உயிர் தப்பினால் போதும் என்று அவர் வெளியே ஓட, லிங்கனின் கையெழுத்து சாம்பலானது. மூன்று நாள் எரிந்த அந்தத் தீயில் சுமார் 300 பேர் செத்தார்கள். ஒரு லட்சம் பேருக்கு வீடு இல்லை. அந்த அமளியில் 'ஐயோ, பிரகடனம் போச்சே' என்று அழ யாருக்கு நேரம்?

வாஷிங்டனில் இருக்க வேண்டிய காகிதம் சிகாகோவுக்கு எப்படி வந்தது?

1863. வடக்கும் தெற்கும் அடித்துக்கொள்ளும் உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்த நேரம். காயம்பட்ட சிப்பாய்களுக்கு மருந்து, துணிமணி வாங்கப் பணம் வேண்டும். சிகாகோவில் மேரி லிவர்மோர், ஜேன் ஹோஜ் என்று இரண்டு பெண்மணிகள் முன்னால் நின்று ஒரு பெரிய பொருட்காட்சி நடத்தினார்கள். யார் யாரிடமோ நன்கொடை கேட்டவர்கள், ஜனாதிபதியை மட்டும் விடுவார்களா? 'உங்கள் கையால் எழுதிய பிரகடனத்தைக் கொடுங்கள், ஏலம் விடுகிறோம்' என்று கேட்டே விட்டார்கள்! அந்த வருஷம் ஜனவரி 1-ம் தேதி கையெழுத்தான பிரகடனம் அது. மை காய்ந்து பத்து மாதம்கூட ஆகவில்லை.

அக்டோபர் 26-ம் தேதி லிங்கன் பதில் எழுதினார். இந்தக் காகிதத்தை நானே வைத்துக்கொள்ள எனக்குக் கொஞ்சம் ஆசை உண்டு. ஆனால், சிப்பாய்களின் கஷ்டம் கொஞ்சமாவது தீருமென்றால் அதுதான் மேல் - இதுதான் கடிதத்தின் சாரம். ஒரு பதவிக்காலத்தில் தான் செய்த மிகப் பெரிய காரியத்தின் சாட்சியை, இரண்டு பெண்கள் கேட்டார்கள் என்பதற்காகத் தூக்கிக் கொடுக்கிறார். நம்மூரில் ஒரு எம்.எல்.ஏ. தனக்குப் போட்ட பொன்னாடையைக்கூட இவ்வளவு சுலபமாகத் தர மாட்டார்!

தாமஸ் பிரயன் என்பவர் 3,000 டாலருக்கு வாங்கினார். பொருட்காட்சிக்கு வந்த நன்கொடைகளிலேயே அதிகத் தொகை அதுதான். முதலிடம் பிடிப்பவருக்குத் தங்கக் கடிகாரம் பரிசு என்று சிகாகோ நகைக்கடைக்காரர் ஒருவர் அறிவித்திருந்தார். லிங்கனுக்கு அந்தக் கடிகாரம் போய்ச் சேர்ந்தது! பிரயன் காகிதத்தை அச்சுப் பிரதி எடுத்து விற்க ஏற்பாடு செய்தார். வருமானம் ஊனமுற்ற சிப்பாய்களின் இல்லத்துக்கு. அந்தப் பிரதிகள் இருப்பதால்தான் லிங்கன் எங்கே, எப்படி எழுதினார் என்று இன்றைக்கு நமக்குத் தெரிகிறது. அசலைப் பத்திரமாக இருக்கட்டும் என்று சொசைட்டியில் வைத்தார்கள். பத்திரமாக!

இதற்கு ஒரு அண்ணன் உண்டு. 1862 செப்டம்பரில் லிங்கன் எழுதிய முதல் கட்டப் பிரகடனம். அதையும் அவர் இதேமாதிரி நியூயார்க் மாநிலத்தின் அல்பனி நகரப் பொருட்காட்சிக்குக் கொடுத்துவிட்டார். கடைசியில் மாநில நூலகத்துக்குப் போனது. 1911-ல் அந்த நூலகமும் தீப்பிடித்து எரிந்தது. லட்சக்கணக்கில் புத்தகங்கள் நாசம். ஆனால், லிங்கன் காகிதம் தப்பிவிட்டது!

சிகாகோ சொசைட்டிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. கஷ்டப்பட்டு மறுபடி சேர்த்த கொஞ்சநஞ்சமும் 1874-ல் இன்னொரு தீயில் போயிற்று. வெறும் கையோடு நின்ற அந்த அருங்காட்சியகத்தைப் பிற்பாடு தூக்கி நிறுத்தியவர் ஒரு மிட்டாய்க்காரர்.

சார்லஸ் குந்தர். 1837-ல் ஜெர்மனியில் பிறந்து, குழந்தையாக அமெரிக்கா வந்தவர். போரின்போது தெற்கத்திக்காரர்களின் படகில் வேலை பார்த்தவர் - அதாவது, லிங்கனின் எதிர்க் கட்சி! போருக்குப் பிறகு சிகாகோவில் மிட்டாய்க் கடை போட்டார். 1871 தீயில் கடையும் போச்சு. அசரவில்லை. மறுபடி கடை, மறுபடி கேரமல் மிட்டாய். பணம் கொட்டியது. கொட்டிய பணத்தையெல்லாம் பழம்பொருள் வாங்குவதில் கொட்டினார். மிட்டாய் வாங்க வந்தவர்கள் அப்படியே மாடியேறி அருங்காட்சியகம் பார்த்துவிட்டுப் போகலாம்!

மனுஷனுக்கு வெறி என்றால் வெறி. தெற்கின் தலைநகரான ரிச்மண்டில் 'லிபி' என்று ஒரு பழைய சிறை. வடக்கத்தி அதிகாரிகளை அடைத்து வைத்த இடம். அதை அப்படியே வாங்கி, செங்கல் செங்கல்லாகப் பிரித்து, நூற்றுக்கும் மேற்பட்ட ரயில் வண்டிகளில் ஏற்றி, சிகாகோவில் திரும்பக் கட்டி, 1889-ல் டிக்கெட் போட்டுத் திறந்துவிட்டார்கள் குந்தரும் கூட்டாளிகளும். வரும் வழியில் ஒரு ரயில் தடம் புரண்டது. அக்கம்பக்கத்து ஜனங்கள் ஓடிவந்து, 'சரித்திரச் செங்கல்' என்று ஆளுக்கொன்றாக அள்ளிக்கொண்டு போனது தனிக் கதை.

குந்தரிடம் வந்து சேர்ந்தவற்றில் முக்கியமானது ஒரு கட்டில். வால்நட் மரத்தில் கடைந்த கால்கள், சாதாரண லாட்ஜ் கட்டில்.

1865, ஏப்ரல் 14 இரவு, வாஷிங்டன் நாடக அரங்கில் லிங்கன் சுடப்பட்டதும், அவரைத் தூக்கிக்கொண்டு எதிரே இருந்த பீட்டர்சன் என்ற தையற்காரரின் வீட்டுக்கு ஓடினார்கள். பின்பக்க அறையில் வில்லியம் கிளார்க் என்ற இளம் சிப்பாய் குடியிருந்தார். அன்று ராத்திரி ஆள் ஊரில் எங்கோ சுற்றப் போயிருந்தார். காலியாக இருந்த அவர் கட்டிலில் ஜனாதிபதியைக் கிடத்தினார்கள். ஆறடி நாலங்குல உயரம் கட்டிலில் அடங்கவில்லை. குறுக்காகப் படுக்க வைத்தார்கள். மறுநாள் காலை 7 மணி 22 நிமிஷத்துக்கு உயிர் பிரிந்தது.

உடலை எடுத்துப் போன கொஞ்ச நேரத்தில், அதே வீட்டில் குடியிருந்த புகைப்படக்காரர் ஒருவர் அறையைப் படம் எடுத்தார். ரத்தக்கறை படிந்த தலையணையோடு கட்டில் அதில் தெளிவாகத் தெரிகிறது. கிளார்க்? நாலைந்து நாள் கழித்துத் தன் சகோதரிக்கு ஒரு கடிதம் எழுதினார். தினமும் நூற்றுக்கணக்கில் ஜனங்கள் வந்து பார்க்கிறார்களாம். ஞாபகார்த்தமாக எதையாவது திருடிக்கொண்டு போய்விடுவார்களோ என்று காவல் இருக்க வேண்டியிருக்கிறதாம். இன்னொன்றையும் எழுதியிருக்கிறார். அதே மெத்தையில், அவர் சாகும்போது போர்த்தியிருந்த அதே போர்வையைப் போர்த்திக்கொண்டுதான் தினமும் தூங்குகிறேன்! பாவம், வாடகைக்கு இருப்பவர். வேறு போக்கிடம் ஏது?

1871-ல் பீட்டர்சன் இறந்ததும் வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. 80 டாலருக்குக் கட்டில் போயிற்று. வாங்கியவர்களிடமிருந்து பிற்பாடு குந்தர் வாங்கினார்.

அவர் வாங்கியதில் ஒரு மேஜையும் உண்டு. லிங்கன் சுடப்படுவதற்கு ஐந்து நாள் முன்னால்தான், அப்போமாட்டாக்ஸ் என்ற ஊரில் தெற்கின் தளபதி லீ சரணடைந்திருந்தார். கையெழுத்தான கையோடு, கூட நின்ற அதிகாரிகள் வீட்டுக்காரரின் நாற்காலி மேஜைகளை 'நினைவுக்கு' என்று தூக்க ஆரம்பித்தார்கள். லீ உட்கார்ந்த பளிங்கு மேஜையை ஜெனரல் ஆர்ட் 40 டாலர் கொடுத்து எடுத்துக்கொண்டார். அவர் மனைவியிடமிருந்து அது குந்தருக்கு வந்தது. இவர்தான் கொஞ்ச நாள் முந்தி தெற்கத்திப் படகில் சம்பளம் வாங்கியவர் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, குந்தரின் மாடியில் வேறு என்னவெல்லாம் இருந்தன? ஏதேன் தோட்டத்தில் ஏவாளை ஏமாற்றிய சாட்சாத் அந்தப் பாம்பின் தோல்! ஆற்றிலிருந்து மோசஸை எடுத்து வளர்த்த எகிப்து இளவரசியின் 'மம்மி'! அப்படித்தான் சொல்லிக் காட்டினார்கள். குந்தர் இதையெல்லாம் நிஜமாகவே நம்பினாரா, கூட்டம் வந்தால் மிட்டாய் விற்குமே என்று வைத்தாரா... எனக்கென்னவோ இரண்டுமே கொஞ்சம் கொஞ்சம் என்றுதான் தோன்றுகிறது.

1920-ல் குந்தர் காலமானார். 1,50,000 டாலருக்கு அவருடைய சேகரிப்பை விலை பேசியது சொசைட்டி. பாம்பையும் பார்த்து, கட்டிலையும் பார்த்து, எது சரித்திரம், எது சர்க்கஸ் என்று பிரிக்கிற தலைவலி அவர்களுக்கு. கட்டிலைப் பொறுத்தவரை கவலை இல்லை. புகைப்படம் இருக்கிறது, கிளார்க்கின் கடிதம் இருக்கிறது, ஏலத்திலிருந்து கைமாறிய வரிசை இருக்கிறது. பாம்புக்கு அட்டை மட்டும்தான் இருந்தது!

இதே தலைவலி நம் காலத்திலும் வந்தது, அதே இல்லினாய் மாநிலத்தில். லிங்கன் வாழ்ந்த ஸ்ப்ரிங்ஃபீல்ட் நகரில் 2005-ல் அவர் பெயரில் பிரமாண்ட அருங்காட்சியகம் திறந்தார்கள். 2007-ல் அதன் அறக்கட்டளை, கலிஃபோர்னியாவில் ஒரு சேகரிப்பாளரிடமிருந்து மொத்தமாக லிங்கன் பொருட்களை வாங்கியது. கடன் மட்டும் 2 கோடியே 30 லட்சம் டாலர். கிரீடம் மாதிரி அதில் ஒரு தொப்பி - லிங்கனின் புகழ்பெற்ற உயரத் தொப்பி. மதிப்பு 65 லட்சம் டாலர்!

லிங்கனே வாலர் என்ற விவசாயிக்குக் கொடுத்தது என்பது அதன் கதை. எப்போது கொடுத்தார்? அந்தக் குடும்பத்து மருமகள் 1958-ல் எழுதிக் கொடுத்த வாக்குமூலம், போர்க்காலத்தில் வாஷிங்டனில் என்றது. பிற்பாடு அதுவே 1858-ல், தேர்தல் விவாதம் நடந்த சமயத்தில் என்று மாறியது. இரண்டும் எப்படி உண்மையாகும்? 2013-ல் வெளியிலிருந்து வந்து பார்த்த நிபுணர்கள் ஆதாரம் போதாது என்றார்கள் - அதில் சிகாகோ அருங்காட்சியகத்தைச் சேர்ந்தவரும் ஒருவர். அந்த அறிக்கை வெளியே வரவே 2018 ஆனது. எஃப்.பி.ஐ. வரை கொண்டுபோய் டி.என்.ஏ. பரிசோதனை செய்தார்கள். உறுதியாக எதுவும் கிடைக்கவில்லை. 2019-ல் மாநில வரலாற்று ஆய்வாளரின் அறிக்கையும், அது லிங்கன் தொப்பி என்பதற்குச் சான்று இல்லை என்றது.

தொப்பி போனால் போகட்டும், கடன் போகுமா? 2025 மே மாதம் அறக்கட்டளை 144 பொருட்களை சிகாகோவில் ஏலத்துக்கு விட்டது. சுடப்பட்ட இரவில் லிங்கனின் பையில் இருந்த, ரத்தக்கறை படிந்த தோல் கையுறைகள் மட்டும் 15 லட்சத்து 20 ஆயிரம் டாலருக்குப் போயின. மொத்தம் சுமார் 79 லட்சம் டாலர் வசூல். பொருட்கள், ஏலம் கேட்டவர்களின் வீடுகளுக்குப் போய்விட்டன.

ஹிஸ்டாரிகல் சொசைட்டி 2006-ல் 'சிகாகோ ஹிஸ்டரி மியூசியம்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. கட்டில் அங்கேதான் இருக்கிறது. வாஷிங்டனில் பீட்டர்சன் வீட்டுக்குச் சுற்றுலா போகிறவர்கள், லிங்கன் இறந்த அந்தச் சின்ன அறைக்குள் எட்டிப் பார்த்து ஒரு நிமிஷம் மௌனமாக நிற்பார்கள். அவர்கள் பார்ப்பது, அதேபோல் வேறு ஒரு கட்டில்.