ஏழை என்பதற்குச் சான்று

ஜகாத்தை அவரவர் மனச்சான்றுக்கு விடுவதா, அரசின் கருவூலத்திடம் ஒப்படைப்பதா என்னும் வழக்கு இஸ்லாமிய வரலாற்றில் பழைமையானது. ஜகாத் தர மறுத்தோர்மீது முதல் கலீபா அபூபக்கர் (ரலி) அவர்கள் படை நடத்தியதையும், ரொக்கம் முதலிய மறைவான செல்வங்களுக்குரிய ஜகாத்தை உடையவரே வழங்கலாம் என்று உதுமான் (ரலி) அவர்கள் விட்டுவிட்டதையும் வாசகர்கள் அறிவர். அந்த வழக்கை இருபதாம் நூற்றாண்டில் மீண்டும் எடுத்துச் சட்டமாக்கிய நாடுகளுள் பாகிஸ்தானும் ஒன்று.

1980 ஜூன் திங்களில் ஜெனரல் ஜியாவுல் ஹக்கின் அரசு ஜகாத் – உஷ்ர் அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தது. சேமிப்புக் கணக்குகளிலிருந்து நூற்றுக்கு இரண்டரை வீதம் ஆண்டுதோறும் ரமலானின் முதல் நாளில் வங்கிகளே பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு அதனால் வந்தது. அரசின் வாயிலாக ஜகாத் செலுத்துவது தங்கள் பிக்ஹுக்கு உடன்பாடன்று எனக் கூறி, ஜூலையில் ஷியாப் பிரிவினர் இஸ்லாமாபாத்தில் பெருந்திரளாகக் கூடினர். விலக்குப் பெற்றே கலைந்தனர். ஏனையோர் வேறு வழி கண்டனர். ரமலான் பிறக்குமுன் பணத்தை எடுத்துவிடுவது, பிடித்தத்திற்கு உட்படாத நடப்புக் கணக்குக்கு மாற்றிவிடுவது என்பன வழக்கமாயின. 1999ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் அவ்விலக்கைக் கோரும் உரிமை சுன்னத் ஜமாஅத்தினருக்கும் உண்டு என்று தீர்ப்பளித்தது. இவர்கள் அனைவரையும் கருமிகள் என்று தள்ளிவிட எமக்கு மனமில்லை. வங்கிக் குமாஸ்தா கழித்துக்கொள்ளும் தொகைக்கு யார் நிய்யத்து வைப்பது?

எனினும் வாங்குவதைவிடக் கொடுப்பதே கடினமான வேலை. பெறத்தக்க எண்வகையினரைத் திருமறை தவ்பா அத்தியாயத்தில் வகுத்திருக்கிறது. அவ்வகையினர் எந்தத் தெருவில், எந்த வீட்டில் இருக்கின்றனர் என்று கண்டறிவது மனிதர் பொறுப்பு. அதற்காக நாடெங்கும் 30,000க்கும் மேற்பட்ட உள்ளூர் ஜகாத் குழுக்கள் அமைந்தன. மஹல்லாவாசிகள் தம்முள் தேர்ந்த குழுவுக்கு ஏழைகளை நேரில் தெரியும் என்பது கணக்கு. அது தவறான கணக்கன்று. நம் ஊர் ஜமாஅத்துகளும் அந்த நம்பிக்கையில்தான் நடக்கின்றன. ஆனால் குழுவுக்கு ஏழையைத் தெரிவதுபோலவே, ஏழைக்கும் குழுத் தலைவரைத் தெரிந்திருக்க வேண்டியதாயிற்று. மருத்துவமனையில் ஜகாத் நிதியால் சிகிச்சை பெறவும் அவர் தரும் தகுதிச் சான்று வேண்டும். அவரோடு பகைத்த குடும்பத்தில் நோயாளி இருந்தால் என் செய்வது?

2008ஆம் ஆண்டில் பேநசீர் வருமான உதவித் திட்டம் பிறந்தது. ஜகாத் நிதியினின்றும் வேறானது அது. திங்களுக்கு 1,000 ரூபாய், குடும்பத் தலைவனிடமன்றிப் பெண்ணின் கையில். தொடக்கத்தில் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் விடப்பட்டது. தலைக்கு 8,000 படிவங்கள்! முறையீடுகள் எழுந்ததில் வியப்பில்லை. உலக வங்கியின் துணையோடு புதிய முறை வகுக்கப்பட்டது. கணக்கெடுப்போர் வீடுவீடாகச் சென்றனர். எத்தனை அறைகள், எத்தகைய கழிப்பறை, குளிர்பதனப் பெட்டி உண்டா, நிலம் எவ்வளவு, கால்நடை எத்தனை என்று கேட்டு, நூற்றுக்கு இத்தனை புள்ளி என மதிப்பிட்டனர். 16.17 புள்ளிக்குக் கீழே வந்த குடும்பம் உதவிக்குத் தகுதி பெற்றது. மேலே நின்றது பெறவில்லை.

இந்தக் கோடு ஆய்வாளர்களுக்கு நல்வாய்ப்பாயிற்று. 16 புள்ளி பெற்ற வீட்டுக்கும் 17 புள்ளி பெற்ற வீட்டுக்கும் வறுமையில் வேறுபாடு ஏது? கோட்டின் இருபுறமும் அருகருகே நின்ற குடும்பங்களைச் சில ஆண்டுகள் ஒப்புநோக்கி, பணம் செய்த மாற்றத்தை அவர்கள் பிரித்தறிந்தனர். உதவி பெற்ற வீடுகளில் நுகர்வு உயர்ந்தது. ஆடு முதலிய சிறு கால்நடைகள் பெருகின. ஆனால் கோட்டுக்குச் சற்று மேலே நின்றுவிட்ட தாய்க்கு இந்த ஒப்புநோக்கலால் கிடைத்தது ஒன்றுமில்லை. குழுத் தலைவரிடமாவது மன்றாடலாம். புள்ளியிடம் மன்றாட முடியுமோ?

2019 டிசம்பரில் அரசு 8,20,165 பேரைப் பட்டியலினின்று நீக்கிற்று. அவர்களுள் 1,40,000க்கும் மேற்பட்டோர் அரசு ஊழியர்கள் அல்லது அவர்தம் துணைவர்கள். அந்த நீக்கத்தில் குறைகூற இடமில்லை. ஆனால் வெளிநாடு சென்றுவந்ததும் நீக்கத்திற்குக் காரணமாகக் கொள்ளப்பட்டது. உறவினர் செலவில் ஒருமுறை உம்ராச் செய்துவந்த முதியவளைச் செல்வந்தர் வரிசையில் சேர்க்க எந்த நீதிமான் துணிவார்?

இத்திட்டத்தை மதிப்பிடுவோர் அடிக்குறிப்பில் தள்ளிவிடும் செய்தி ஒன்று உண்டு. எமக்கோ அது பெரிதாகப் படுகிறது. உதவித்தொகையைப் பெறப் பெண்ணின் பெயரிலேயே தேசிய அடையாள அட்டை இருக்க வேண்டும் என்பது விதி. தகப்பன் பெயரிலும் கணவன் பெயரிலும் அறியப்பட்டு வந்த கிராமத்துப் பெண்கள் இலட்சக்கணக்கில் பதிவு அலுவலகங்களுக்கு வந்தனர். தன் பெயரும் தன் முகமும் பொறித்த முதல் தாளை அங்கே பெற்றவர்கள் அவர்களுள் பலர். அந்த அட்டையைக் கொண்டே பின்னர் வாக்குச்சாவடிக்கும் சென்றனர்.