அச்சேறிய ஆசிரியர் பாட்டு



நம் தோட்டங்களில் பாட்டுக்குப் பஞ்சமில்லை. பால் வெட்டப் போகும்போதும் பாட்டு, தொட்டிலாட்டும்போதும் பாட்டு. ஆனால் தாளில் எழுதிய பாட்டு ஓர் ஏட்டில் அச்சாகி வருவது வேறு காரியம். அதற்கு ஆசிரியர் ஒருவரின் கதையைச் சொல்கிறோம்.

1908-ஆம் ஆண்டு, ஆங்கில அரசின் பிடிக்குத் தப்பிச் சுப்பிரமணிய பாரதியார் புதுவைக்கு வந்தார். அது பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர். அங்கே கனக சுப்புரத்தினம் என்னும் இளைஞர் இருந்தார். தமிழாசிரியர், யாப்பிலக்கணம் முறையாகக் கற்றவர். அவர் எழுதிய பாட்டுகளோ பண்டிதர்க்கு மட்டுமே விளங்கும் கடுந்தமிழில் இருந்தன.

ஒரு திருமண வீட்டில் இந்த இளைஞர் பாரதியார் பாடலைப் பாடினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர்தான் அதைப் பாடிய கவிஞர் என்பது அவருக்குத் தெரியாது! அங்கே தொடங்கிற்று பழக்கம். பின்னர் ஒரு நாள், நண்பர்கள் முன்னிலையில், பாட்டு ஒன்று எழுதும்படி பாரதியார் கேட்டார். சுப்புரத்தினம் சக்தியைப் பற்றி எளிய தமிழில் எழுதிக் காட்டினார்.

பாரதியார் நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். நம்மில் பலர் பிள்ளைகளிடம் அப்படித்தான் இருந்துவிடுகிறோம். அவரோ அந்தப் பாட்டைச் சென்னைச் சுதேசமித்திரனுக்கு அனுப்பி வைத்தார். இவர் தம் கவிதா மண்டலத்தைச் சேர்ந்தவர் என்று ஒரு குறிப்பும் சேர்த்தார். சென்னைக்கு அவர் போக முடியாது, போனால் சிறை. கடிதம் போகலாம் அல்லவா? 1904-இல் அதே இதழில் உதவியாசிரியராக இருந்தவர் அவர். அவருடைய பாட்டும் முதன்முதலில் அச்சானது பெரிய ஏட்டில் அன்று. அதே 1904-இல், மதுரை விவேகபாநுவில். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. புதியவன் வாசலில் நிற்பது எப்படியென்று அவருக்குத் தெரியும்.

பாட்டு அச்சாகி வந்தது. சுப்புரத்தினம் பிற்காலத்தில் பாரதிதாசன் என்று பெயர் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு எல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. பள்ளி வேலையை விடாமல் இதழ்களுக்கு எழுதிக்கொண்டே இருந்தார். சில வேளை புனைபெயரில். பாரதியார் 1921-இல் மறைந்தார். பாரதிதாசன் கவிதைகள் முதல் தொகுதி நூலாக வந்தது 1938-இல். குஞ்சிதம் குருசாமி அம்மையார் வெளியிட்டார். கவிஞருக்கு அப்போது நாற்பத்தேழு வயது. ஓய்வு பெற்றது 1946-இல்.

நூல் வருவதற்கு முன்பே, 1935-இல், அவர் கவிதைக்கென்றே ஓர் இதழ் தொடங்கினார். பெயர் என்ன தெரியுமா? ஸ்ரீ சுப்பிரமணிய பாரதி கவிதா மண்டலம். தம் பாட்டோடு பாரதியார் எழுதி அனுப்பிய அந்தச் சொல்லையே தலைப்பாக்கிவிட்டார். அதில் பிறர் பாட்டுகளுக்கும் இடம் கிடைத்தது.

அதே 1935-இல்தான் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி அவர்கள் தமிழ் முரசைத் தொடங்கினார்கள். 1950-களில் அவ்வேட்டில் மாணவர் மணிமன்றம் என்று பிள்ளைகளுக்கென ஒரு பகுதி வந்தது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இருந்த பிள்ளைகள் கதையும் கட்டுரையும் பாட்டும் எழுதித் தபாலில் சேர்த்தார்கள். தம் பெயரை அச்சில் பார்க்க ஏடு வரும்வரை காத்திருந்தார்கள். அப்படி எழுதிப் பழகியவர்களில் பலர் பிறகு இந்த மண்ணின் எழுத்தாளர்களானார்கள்.