வில்சன் ஜோன்ஸ்: ரசிகர்களின் நினைவில் வாழும் இந்தியாவின் முதல் உலகச் சாம்பியன்

திருவனந்தபுரம்: சுதந்திர இந்தியாவுக்கு முதன்முதலில் தனிநபர் உலகப் பட்டத்தைப் பெற்றுத் தந்தவர் யார்? திருவனந்தபுரம் செய்தி அறையில் அண்மையில் இக்கேள்வி எழுந்தபோது, விஸ்வநாதன் ஆனந்த், பிரகாஷ் படுகோன், மில்கா சிங் என வரிசையாகப் பெயர்கள் வந்தன. மூவருமே போற்றத்தக்கவர்கள்தாம். ஆனால் விடை அவர்களில் ஒருவரும் அல்லர். 1958-ஆம் ஆண்டு கொல்கத்தாவில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்ற வில்சன் ஜோன்ஸ்தான் அந்த முதல்வர்.

இந்தியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு சோதனை முறையில் தில்லியில் தொடங்கியது 1959 செப்டம்பர் 15 அன்று. அதாவது, ஜோன்ஸ் உலகச் சாம்பியன் ஆனபோது அவரது வெற்றியை வீட்டிலிருந்து பார்ப்பதற்கு நாட்டில் ஒரு திரைகூட இல்லை. வானொலியில் கிரிக்கெட் வர்ணனை கேட்கலாம். ஹாக்கி வர்ணனையும் கேட்கலாம். மூன்று பந்துகள் ஓசையின்றி உருளும் ஆட்டத்தை வானொலியில் எவ்வாறு வர்ணிப்பது? அந்த அறையில் அமர்ந்திருந்தவர்களின் கண்களில்தான் அவரது ஆட்டம் பதிந்தது. அவர்கள் சொல்லக் கேட்டவர்கள் அடுத்த தலைமுறைக்குச் சொன்னார்கள். இந்த வரலாற்றின் பெரும்பகுதி அவ்வாறே நம்மை வந்தடைந்துள்ளது.

புனேயில் பிறந்தவர்

வில்சன் லயனல் கார்ட்டன் ஜோன்ஸ் 1922 மே 2 அன்று புனேயில் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தில் பிறந்தார். பின்னாளில் மும்பையே அவரது ஊராக ஆனது. 1950 முதல் 1966 வரையிலான காலத்தில் தேசிய பில்லியர்ட்ஸ் பட்டத்தை 12 முறை கைப்பற்றினார். தேசிய ஸ்நூக்கர் பட்டத்தையும் 5 முறை வென்றார். இன்றைய வீரர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்து பழகுவதே வழக்கம். இரண்டிலும் நாட்டின் முதல் இடத்தில் நின்றவர்கள் மிகச் சிலர்.

எனினும் உலகக் களம் அவருக்கு உடனே கைகொடுக்கவில்லை. 1951-இல் லண்டனில் நடந்த உலகப் போட்டியை ஆஸ்திரேலியாவின் பாப் மார்ஷல் வென்றார். 1952-இல் கொல்கத்தாவில் இங்கிலாந்தின் லெஸ்லி டிரிஃபீல்டு கோப்பையை எடுத்துச் சென்றார். 1954-இல் சிட்னியில் டாம் கிளியரி வென்றார். ஆஸ்திரேலியரும் ஆங்கிலேயரும் மாறி மாறி ஆண்டுகொண்டிருந்த அந்த மேசையில் ஓர் இந்தியர் வெல்வது 1958-இல்தான் நிகழ்ந்தது. 6 ஆண்டுகளுக்கு முன் டிரிஃபீல்டு வென்ற அதே கொல்கத்தா மாநகரில் அது நிகழ்ந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

அதே 1958-ஆம் ஆண்டில்தான் கார்டிஃப் நகரில் நடந்த காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியில் மில்கா சிங் 440 கஜ ஓட்டத்தில் தங்கம் வென்றார். அவரது வாழ்க்கை 2013-இல் இந்தித் திரைப்படமாக வெளிவந்து, தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பள்ளிக் குழந்தைகள்வரை சென்று சேர்ந்தது. ஒரே ஆண்டின் இரு வெற்றிகளில் ஒன்று நாட்டின் பொதுச் சொத்தாயிற்று. மற்றொன்று விளையாட்டு வினாடி வினாவுக்குப் படிப்பவர்களின் குறிப்பேட்டில் தங்கிவிட்டது.

ஜோன்ஸுக்கு முன்பே உலகை வென்ற இந்தியர் இல்லையா என்று கேட்போர் உண்டு. மல்யுத்த வீரர் காமா 1910-ஆம் ஆண்டிலேயே லண்டனில் 'ஜான் புல்' பட்டயத்தை வென்றிருந்தார். ஆனால் அது ஆங்கிலேய ஆட்சிக் காலம். மூவண்ணக் கொடியின் கீழ் உலகச் சாம்பியன் ஆனவர்களில் முதலாமவர் ஜோன்ஸ் என்பதில் ஐயமில்லை.

பூல் வேறு, பில்லியர்ட்ஸ் வேறு

இச்செய்தியைப் படிப்பவர்களில் பலர் இம்மூன்று ஆட்டங்களையும் ஒன்றெனக் கருதியிருக்கக் கூடும். மொழிபெயர்ப்புப் பணியில் நாங்களே ஒருமுறைக்கு மேல் இடறி விழுந்த இடம் இது. ஆகையால் ஒரு சிறு விளக்கம்.

வணிக வளாகங்களிலும் விளையாட்டுக் கூடங்களிலும் இளைஞர்கள் ஆடுவது பெரும்பாலும் பூல். ஏறத்தாழ 9 அடி நீளமுள்ள மேசை, எண்ணிட்ட வண்ணப் பந்துகள், அகன்ற குழிகள். ஸ்நூக்கருக்கும் பில்லியர்ட்ஸுக்கும் 12 அடி மேசை. ஸ்நூக்கரில் 15 சிவப்புப் பந்துகளும் 6 வேறு வண்ணப் பந்துகளும் உண்டு. பில்லியர்ட்ஸில் மொத்தமே 3 பந்துகள். ஜோன்ஸ் ஆடிய காலத்தில் அவற்றில் ஒன்று சிவப்பு, மற்ற இரண்டும் வெள்ளை. வேறுபாடு தெரிவதற்காக ஒரு வெள்ளைப் பந்தில் புள்ளி மட்டும் இருக்கும். இப்போது அதற்குப் பதிலாக மஞ்சள் பந்து வந்துவிட்டது.

பில்லியர்ட்ஸில் தன் பந்தால் மற்ற இரண்டு பந்துகளையும் தொட்டால் 2 புள்ளிகள். இதற்குக் 'கேனன்' என்று பெயர். சிவப்புப் பந்தைக் குழியில் வீழ்த்தினால் 3. தன் பந்து சிவப்பைத் தொட்டுவிட்டுக் குழிக்குள் சென்றாலும் 3. கேரம் ஆடிப் பழகியவர்களுக்கு இது வியப்பளிக்கும். கேரமில் ஸ்ட்ரைக்கர் குழிக்குள் விழுந்தால் அபராதம்; பில்லியர்ட்ஸில் அதற்குப் புள்ளி!

புள்ளி எடுக்கும் வரை ஆட்டக்காரர் மேசையை விட்டு நகர வேண்டியதில்லை. தொடர்ந்து எடுக்கும் அந்தத் தொகுப்பே 'பிரேக்' எனப்படும். ஒரு பிரேக் அரை மணி நேரத்தையும் தாண்டிச் செல்லக் கூடும். எதிராளி நாற்காலியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். பந்துகளை அணுவளவு மட்டுமே நகர்த்தி, அடுத்த அடிக்கு ஏற்ற இடத்தில் நிறுத்தி, மீண்டும் மீண்டும் தொடும் அந்தப் பொறுமைதான் ஆட்டத்தின் உயிர். ஒரே ஓர் அடியை வெட்டி எடுத்து நண்பருக்குக் காட்ட முடியாது. காட்டினால், 'இதில் என்ன இருக்கிறது?' என்றுதான் கேட்பார்.

பிலிப்பைன்ஸின் 'மாயக்காரர்'

இவ்விடத்தில் ஓர் ஒப்பீடு பயன்படும். பூல் உலகில் இன்றளவும் ரசிகர்கள் கதை கதையாகப் பேசும் பெயர் எஃப்ரென் ரெயஸ். 1954-இல் பிறந்த இந்தப் பிலிப்பைன்ஸ் வீரர், 1985-இல் அமெரிக்காவுக்கு முதன்முதலில் சென்றபோது தம் பெயர் அங்குள்ள ஆட்டக்காரர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக 'சீசர் மொராலஸ்' என்ற பெயரில் ஆடினார். 1999-இல் கார்டிஃபில் உலக நைன்-பால் பட்டம் வென்றார். ஆனால் ரசிகர்கள் முதலில் சொல்வது பட்டங்களை அல்ல. 1995-இல் ரீனோ நகரில் எர்ல் ஸ்டிரிக்லேண்டுக்கு எதிராக அவர் அடித்த ஓர் அடியைத்தான் சொல்வார்கள். குறிவைத்த 5-ஆம் எண் பந்து வேறொரு பந்தின் பின் மறைந்திருந்தது. ரெயஸ் அடித்த பந்து மேசையின் இரு விளிம்புகளில் மோதி, 'இசட்' வடிவில் திரும்பி வந்து, மறைந்திருந்த பந்தைக் குழியில் வீழ்த்தியது. சில விநாடிகள்தான். ஒளிப்படக் கருவி இருந்தது, பதிவாயிற்று. அவர் ஆடிய ஊர்களை வரைபடத்தில் பார்த்திராத இளைஞர்களும் அந்த அடியை அறிவார்கள்.

ரெயஸுக்கு 'பாட்டா' என்றொரு செல்லப் பெயர் உண்டு. பிலிப்பைன்ஸ் மொழியில் அதற்குச் 'சிறுவன்' என்று பொருள். கன்னியாகுமரி மாவட்டத் தமிழில் 'பாட்டா' என்றால் தாத்தா. நெய்யாற்றின்கரையைத் தாண்டி வரும் வாசகர்களுக்காக இதைச் சொல்லாமல் விட மனமில்லை.

ஜோன்ஸுக்கு அப்படிப்பட்ட 'ஓர் அடி' கிடையாது. அவரது புகழ் பல மணி நேரப் பிழையின்மையால் ஆனது. அதை நினைவில் வைப்பதும் கடினம், பிறருக்கு எடுத்துச் சொல்வதும் கடினம். அவரைப் பற்றிப் பேசுவோர் எண்களைச் சொல்வதைவிட, அவரது ஒழுங்கையும் நிதானத்தையும் பண்பையுமே மிகுதியாகச் சொல்வதற்கு இது ஒரு காரணம் எனலாம்.

மூடிய கதவுகளுக்குள்

இன்னொரு காரணம் ஆட்டம் நடந்த இடம். ஆங்கிலேயர் காலத்துக் கிளப்புகளில்தான் அக்காலத்தில் பில்லியர்ட்ஸ் மேசைகள் இருந்தன. உறுப்பினர் அல்லாதவர் உள்ளே நுழைய முடியாது. நுழைந்தாலும் உடைக் கட்டுப்பாடு உண்டு. கைதட்டலும் அடக்கமாகவே ஒலிக்கும். கால்பந்துக்குத் தெருவெங்கும் பதாகை கட்டும் கேரளத்தில்கூட, வழுதக்காட்டுக் கிளப்பின் மதில் சுவருக்குள் பந்து உருளும் ஓசை சாலையில் செல்பவருக்கு எட்டியதில்லை.

அந்த அறைகளில் உறுப்பினர் அல்லாத ஒருவர் மட்டும் எப்போதும் இருந்தார். அவர்தான் 'மார்க்கர்'. புள்ளிப் பலகையின் முள்ளை நகர்த்துவதும், பந்துகளை எடுத்து வைப்பதும், மேசைத் துணியைத் துலக்குவதும் அவர் வேலை. புதிதாகச் சேரும் உறுப்பினருக்குக் கோல் பிடிக்கக் கற்றுத் தருபவரும் பெரும்பாலும் அவரே. ஒவ்வோர் ஆட்டத்தையும் முதல் அடி முதல் கடைசி அடி வரை பார்த்தவர் அவர். ஆனால் அவரிடம் எவரும் பேட்டி எடுக்கவில்லை. இந்திய பில்லியர்ட்ஸின் நினைவகம் என ஒன்று இருந்திருந்தால், அது மார்க்கர்களின் மனத்தில்தான் இருந்திருக்கும்.

ஸ்நூக்கர் பிறந்த கதையே ஒரு முதியவரின் நினைவால் காப்பாற்றப்பட்டதுதான். 1875-இல் ஜபல்பூர் படை முகாமில் அந்த ஆட்டத்தைத் தாம் உருவாக்கியதாக நெவில் சேம்பர்லின் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி 1938-இல் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில்தான் தெரிவித்தார். (பின்னாளில் பிரிட்டன் பிரதமரான சேம்பர்லின் வேறு.) அந்த ஆட்டத்தின் விதிகள் ஒழுங்கு பெற்றது உதகமண்டலம் கிளப்பில். 60 ஆண்டுகளுக்கும் மேலாகப் பலரும் பல இடங்களைச் சொல்லிக்கொண்டிருந்தனர். அந்தக் கடிதம் எழுதப்படாமல் போயிருந்தால், நீலகிரிக்கு இன்று கிடைத்துள்ள அந்தப் பெருமை கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

இரண்டாவது பட்டமும் அதன் பின்னும்

1964-இல் நியூசிலாந்தில் ஜோன்ஸ் மீண்டும் உலகப் பட்டம் வென்றார். முதல் வெற்றியைச் சொந்த மண்ணின் சாதகம் என்று ஒதுக்க நினைத்தவர்களுக்கு இது விடையாக அமைந்தது. 1965-இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. முன்னதாக அர்ஜுனா விருதும் பெற்றிருந்தார். அமெச்சூர் போட்டிகளிலிருந்து விலகிய பின் தொழில்முறை வீரராகவும் பயிற்சியாளராகவும் மாறினார்.

அவர் திறந்த வழியில் பலர் வந்தனர். 1973-இல் மும்பையில் நடந்த உலகப் போட்டியில் இலங்கையின் எம்.ஜே.எம். லாஃபிர் வென்று, தம் நாட்டுக்கு உலகப் பட்டம் தேடித் தந்தார். மும்பையின் மைக்கேல் ஃபெரைரா 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளில் உலகச் சாம்பியன் ஆனார். 1981-இல் தமக்கு அறிவிக்கப்பட்ட பத்மஸ்ரீயை ஃபெரைரா ஏற்க மறுத்தார். கிரிக்கெட் வீரர் சுனில் கவாஸ்கருக்குப் பத்மபூஷண் எனில் உலகச் சாம்பியனுக்கு அதைவிடக் குறைந்த விருது ஏன் என்பது அவரது வாதம். 1983-இல் அவருக்கும் பத்மபூஷண் வழங்கப்பட்டது. அக்கேள்வியை அவர் தமக்காக மட்டும் கேட்டதாகத் தோன்றவில்லை. இருமுறை உலகை வென்ற ஜோன்ஸ் பெற்றது பத்மஸ்ரீதான். அவர் அதைப் பற்றி வாய் திறந்ததாகப் பதிவில்லை.

ஃபெரைராவுக்குப் பின் கீத் சேத்தி வந்தார். 1985, 1987-இல் அமெச்சூர் பட்டம், பிறகு 1992 முதல் தொழில்முறைப் பட்டங்கள். அவருக்குப் பின் பங்கஜ் அத்வானி. 2024 நவம்பரில் தோஹாவில் அத்வானி வென்றது அவரது 28-ஆவது உலகப் பட்டம். அந்த வெற்றி கைபேசிச் செயலிகளில் சில நிமிடங்களில் வந்து சேர்ந்தது. கொல்கத்தா வெற்றிக்கு அடுத்த நாள் காலைச் செய்தித்தாள்தான் இருந்தது.

ஆசிரியராக ஜோன்ஸ் செய்த பணிக்கு அங்கீகாரம் தாமதமாகவே வந்தது. அவரிடம் பயின்றவர்களில் ஓம் அகர்வால் 1984-இல் டப்ளினில் உலக அமெச்சூர் ஸ்நூக்கர் பட்டத்தை வென்றார். அப்பட்டத்தைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. மற்றொரு மாணவரான அசோக் சாண்டில்யா 1998 பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றார். ஜோன்ஸுக்குத் துரோணாச்சாரியார் விருது 1996-இல் வழங்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 74.

2003 அக்டோபர் 5 அன்று மும்பையில் தமது 81-ஆவது வயதில் அவர் காலமானார். அங்குள்ள கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவின் பில்லியர்ட்ஸ் அரங்கு அவரது பெயரைத் தாங்கியுள்ளது. தேசிய அளவிலான ஸ்நூக்கர் போட்டிகள் அந்த அரங்கில் நடைபெற்று வருகின்றன.